பின்மூடியைக் கழற்றிப் பார்

எந்த போன் வாங்கலாம், எந்த லேப்டாப் நல்லது, எந்த மிக்ஸி நாள்பட உழைக்கும் என்று கேட்டுக்கொண்டு யாராவது என் வீட்டுக்கு வந்தபடியே இருக்கிறார்கள். கோவைப் பஞ்சாலை ஒன்றின் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாசல் அறை முழுக்க மீட்டரும் ரேடியோவுமாகப் பரப்பி வைத்திருப்பவன். அதனால் இந்தக் கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. வந்தவர்களிடம் நான் விலையைக் கேட்பதில்லை, கம்பெனி பெயரையும் கேட்பதில்லை. “இது நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” என்று மட்டும் திருப்பிக் கேட்பேன். கடையில் கொடுப்பேன் என்பார்கள், அல்லது வேறு வாங்கிக்கொள்வேன் என்பார்கள். கழற்றிப் பார்ப்பேன் என்று சொல்கிறவர்கள் அருகிவிட்டார்கள். அவர்கள் பெருக வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

கருவிகள் மேல் ஆசை வைப்பது நல்ல ஆசைதான். எனக்கு அது பள்ளிக்கூடக் காலத்திலேயே வந்தது, இன்னும் விடவில்லை. ஆனால் வாங்கும் மகிழ்ச்சி பெட்டியின் வாசனை போவதற்குள் தீர்ந்துவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட கருவியோ பல ஆண்டுகள் கழித்தும் கையில் எடுக்கும்போதெல்லாம் சந்தோஷம் தருகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நின்றுபோன ஒரு கருவியின் முன்னால் பதறாமல் உட்காரத் தெரிந்தவருக்கு வாழ்க்கையின் வேறு பல இடங்களிலும் அப்படி உட்கார வரும். உடன் வேலை பார்த்தவர்களிடம் இதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மலைத்துப் போனார். அதை வாங்குவதற்காகவே கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்தார். வாங்கியதும் அவர் முதலில் செய்தது அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டியதுதான். பிற்பாடு மின்சார ரேசர், மோட்டார், பேருந்துத் தொழில், தொழிற்பயிற்சிப் பள்ளி என்று அவர் செய்த அத்தனைக்கும் அந்த வண்டியைப் பிரித்துப்போட்ட நாள்தான் தொடக்கம் என்று நான் நம்புகிறேன். அவினாசி சாலையில் இருக்கும் அவருடைய அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டும். கோடை விடுமுறையில் அவர்களுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கோவையில் எனக்குத் தெரியவில்லை.

என் மேசையில் முதல் மரியாதை மல்டிமீட்டருக்கு. பழைய முள் மீட்டர் ஒன்றும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். முள் மீட்டரில் ஓம் அளவுகோல் தலைகீழாக ஓடும். பூஜ்ஜியம் வலது ஓரத்தில் இருக்கும், அளக்கும் முன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அளக்கப் போகிறவன் முதலில் தன் அளவுகோலைச் சரிபார்க்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை அந்த மீட்டர் கேட்காமலே கற்றுக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அந்தச் சடங்கு இல்லை, ஆனால் துல்லியம் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கெபாசிட்டர் அளக்கும் வசதியுள்ள டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்குக் குடும்பமாகப் போகும் செலவுக்குள் நல்ல மீட்டர் கிடைக்கும்.

அது கையில் வந்தவுடன் வீட்டில் நடக்கும் முதல் அதிசயம் ஃபேனில்தான். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, மோட்டார் போய்விட்டது, புது ஃபேன் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கும். மெயினை அணைத்துவிட்டு மேல்கிண்ணத்தை இறக்கினால் உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். பெரும்பாலான ஃபேன்களில் அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கும். அதன் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டு அளந்தால் ஒன்றரைக்கும் கீழே காட்டும். வேறொன்றுமில்லை, வயதாகி வலுக் குறைந்துவிட்டது. சில பத்து ரூபாயில் புதியது மாட்டினால் ஃபேன் பழைய வேகத்துக்கு வந்துவிடும். ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கில் செலவழிக்க இருந்த இடத்தில் ஓர் எண் வந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுகிறது. ஊகம் எல்லாம் அங்கே அடங்கிப்போகும்.

அளவீட்டுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் என் பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கும்போது கேட்ட கேள்வி இது. பின்கட்டு அறையில் விளக்கு எரியவில்லை. டெஸ்டர் வைத்தால் நியான் பளிச்சென்று எரிகிறது. “அப்புச்சி, டெஸ்டர் எரியுதுங்களே, அப்புறம் ஏன் லைட்டு எரியல?” என்றாள். ஹோல்டரின் இன்னொரு முனையிலும் வைத்துப் பார் கண்ணு என்றேன். அங்கேயும் எரிந்தது. இரண்டு பக்கமும் டெஸ்டர் எரிகிறது என்றால் நியூட்ரல் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று பொருள். லைனில் வந்த மின்சாரம் பல்பு வழியாக மறுமுனை வரை வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. டெஸ்டருக்கு நம் உடம்பு வழியாக மிகச் சொற்ப மின்னோட்டம் போனாலே போதும், எரிந்துவிடும். அதனால் அது லைன் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். சுற்று முழுமையாக இருக்கிறதா என்று சொல்லாது.

டிஜிட்டல் மீட்டரும் இதே மாதிரி ஏமாற்றும். எங்குமே இணைக்காத ஒரு கம்பி, லைன் கம்பியோடு ஒரே பைப்பில் நீளமாகப் போனால், அதில் 80, 100 வோல்ட் என்று மீட்டர் காட்டும். மீட்டரின் உள்தடை ஏறத்தாழ 10 மெகா ஓம் என்பதால் பக்கத்துக் கம்பியின் சாயல் பட்டாலே அதற்கு வோல்டேஜாகத் தெரிகிறது. பழைய எலக்ட்ரீஷியன்கள் இதற்காகவே ஒரு ஹோல்டரில் குண்டு பல்பும் இரண்டு கம்பியும் மாட்டிப் பையில் வைத்திருப்பார்கள். டெஸ்ட் லாம்ப் என்று பெயர். அதைத் தொட்ட மாத்திரத்தில் அந்தப் பொய் வோல்டேஜ் பூஜ்ஜியமாகிவிடும். குழாயைத் திறந்து ஒரு குடம் பிடித்துப் பார்க்கும் வரை தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது அல்லவா, அது மாதிரி. இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, இரண்டு ஃபேனைப் போட்டதும் சரிந்துவிடும். பாரம் ஏற்றிப் பார்க்காமல் எந்தப் பேட்டரிக்கும் நற்சான்று கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார். ஆட்களை வேலைக்கு எடுக்கும்போதும் அவர் அதையே கடைப்பிடித்தார். சான்றிதழைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். நின்றுபோன மோட்டார் ஒன்றின் முன்னால் ஆளை நிறுத்தி, என்ன கேட்கிறான், எதை முதலில் தொடுகிறான் என்று கவனிப்பார்.

அந்த ஃபோர்மேன் எங்கள் பிரிவுக்கே அமைத்துக்கொடுத்த பலகை ஒன்றின் மாதிரியைத்தான் இன்றும் என் சுவரில் மாட்டியிருக்கிறேன். சீரீஸ் போர்டு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றும் ஒரு சாக்கெட்டும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். சரிசெய்த எந்தப் பொருளையும் நேராக மெயினில் போடக் கூடாது, முதலில் இந்த சாக்கெட்டில் போட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து மின்னோட்டத்தைத் தான் தாங்கிக்கொள்ளும். பொருளும் பிழைக்கும், ஃபியூஸும் பிழைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எல்.ஈ.டி. பல்பில் இது நடக்காது, இழை பல்புதான் வேண்டும். கடைகளில் குண்டு பல்பு அரிதாகி வருவதால் சிலவற்றை வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். செய்த வேலை சரிதான் என்ற நம்பிக்கை எவ்வளவு இருந்தாலும், முதல் சோதனையைச் சேதம் வராத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். என் பிள்ளைகள் தொழில் தொடங்கக் கடன் வாங்க நினைத்தபோதும், வீடு மாற்ற நினைத்தபோதும் இந்தப் பலகையைக் காட்டித்தான் பேசினேன்.

பழுது பார்ப்பதற்கு எங்கள் ஃபோர்மேன் வைத்திருந்த வரிசை எளிமையானது. முதலில் பொருளின் சொந்தக்காரரிடம் கேள். கடைசியாக எப்போது நன்றாக ஓடியது, அதற்கப்புறம் என்ன நடந்தது? பிறகு பார், முகர்ந்து பார், கருகிய வாசம் இருக்கிறதா கவனி. மின்சாரம் உள்ளே வருகிறதா என்று அள. இத்தனையும் முடிந்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை ஆழமாக நுழைக்க வேண்டும். பெரும்பாலான பழுதுகள் முதல் கேள்வியிலேயே பாதி பிடிபட்டுவிடும். மழை பெய்த அன்றிலிருந்து, வீட்டுக்கு வெள்ளையடித்த அன்றிலிருந்து, ஊருக்குப் போய் வந்த அன்றிலிருந்து என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் திடீரென்று மதிப்பெண் குறைந்து, அவன் அப்பா என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டபோது நான் கேட்டதும் அந்தக் கேள்விதான். அரையாண்டு வரை நன்றாகத்தான் வாங்கினான் என்றார். அதற்கப்புறம்? உயரமாகிவிட்டான் என்று கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்களாம். கண்ணைப் பரிசோதித்து ஒரு கண்ணாடி போட்டதில் விஷயம் தீர்ந்தது. அதுவரை அந்தப் பிள்ளை வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

வரிசையில் அடுத்தது பாதியாக வெட்டுவது. இதைக் கற்றுக்கொள்ளப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப்போல வேறு ஆசான் கிடையாது. ஏரியல் சுருளில் தொடங்கி, அலைவரிசையை 455 கிலோஹெர்ட்ஸாக மாற்றும் பகுதி, அதைப் பெருக்கும் பகுதி, ஒலியைப் பிரித்தெடுக்கும் டயோடு, பிறகு வால்யூம், அதற்கப்புறம் ஸ்பீக்கரை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் என்று வரிசையாகப் போகும். ரேடியோ பேசவில்லை என்றால் ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக அளந்துகொண்டு வந்தால் பொழுது சாய்ந்துவிடும். வால்யூமின் நடுக்காலை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொடு. பேட்டரி ரேடியோ என்பதால் பயமில்லை. ஸ்பீக்கரில் உர்ரென்று ஒலி கேட்டால் வால்யூமிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் நலம், பழுது அதற்கு முன்னால். ஒலி கேட்கவில்லை என்றால் பழுது பின்னால். ஒரே தொடுதலில் பாதி சுற்று சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது. மீதியை மறுபடி பாதியாக வெட்டு. நாலைந்து தொடுதலில் குற்றவாளி ஒரு தனி டிரான்சிஸ்டராகவோ, ஈயம் விட்டுப்போன ஒரு காலாகவோ சுருங்கிவிடும். ஈயப்பற்று நன்றாக இருந்தால் பளபளவென்று குழிந்து பிடித்திருக்கும், விட்டுப்போனது மங்கி, காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் காட்டும். லென்ஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, சால்டரிங் அயர்னை ஓரிரு விநாடி வைத்து எடுத்தால் ரேடியோ பேசும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியில் உருகி அதே வெப்பத்தில் இறுகும். கை நடுங்காத அந்தச் சில கணங்கள் மனத்துக்கு எவ்வளவு நல்லது என்பதைச் செய்தவர்கள் அறிவார்கள்.

குடும்பச் சண்டைகளைத் தீர்க்கப் போகும்போதும் இந்த வெட்டு எனக்குப் பயன்பட்டிருக்கிறது. பத்து வருடக் குறைகளை எல்லாரும் ஒன்றாகக் கொட்டுவார்கள். பணத்தை எடுத்துவிட்டால் இந்தச் சண்டை இருக்குமா இருக்காதா என்று கேட்பேன். அந்த ஒரு கேள்வியில் பாதி பேச்சு தானாக விலகிவிடும்.

மிக்ஸிக்கு வருகிறேன். ஓடிக்கொண்டே இருந்த மிக்ஸி மாவு அரைக்கும்போது சட்டென்று நின்றுவிட்டால் உடனே கடைக்குத் தூக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிறிய சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். பாரம் கூடினால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானாக வெளியே வந்துவிடும். ஆறவிட்டு அழுத்தினால் போதும். டி.வி. ரிமோட் வேலை செய்யவில்லையா? செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். மினுக்கினால் ரிமோட் நலம். இத்தனைக்கும் காசு செலவில்லை.

செல்போனைப் பற்றி என் வயதுக்காரர்கள் குறைதான் பேசுகிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்கிறேன், திரும்பப் பூட்டும்போது எந்தக் கம்பி எங்கே என்ற குழப்பமில்லை. ஐ.சி.யின் மேல் இருக்கும் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன். கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட பிறகும் இந்த வேலையை நான் விடாமல் செய்வதற்கு அந்தக் கேமராவும் டார்ச்சும்தான் காரணம். என் மனக்குறை வேறு. பசை போட்டு ஒட்டி, பேட்டரியைக்கூட நாமே மாற்ற முடியாதபடி மூடிவிடுகிறார்கள். எந்தப் பேட்டரியும் தேயும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை, முழு சார்ஜில் சூட்டிலேயே கிடப்பது அதைவிடப் பெரிய பகை. தேயும் என்று தெரிந்தே மாற்ற முடியாதபடி செய்வது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணைய வாசல் ஒன்றைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியம், 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. இவற்றை முழுமனதோடு வரவேற்கிறேன். தெருமுனைகளில் சூடான காற்றுக் கருவியும் மைக்ராஸ்கோப்பும் வைத்துக்கொண்டு அரிசியைவிடச் சிறிய பாகங்களை எடுத்து மாற்றும் செல்போன் மெக்கானிக் தம்பிகளைப் பார்க்கும்போது எங்கள் ஃபோர்மேன் இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார் என்று தோன்றும். அந்தப் பிள்ளைகளிடம் உதிரி பாகமும் சர்க்யூட் படமும் சுலபமாகப் போய்ச் சேர வேண்டும்.

வேலையில்லாத நேரத்தில் எனக்குப் பொழுதுபோக்கு வானலை. எங்கள் தலைமுறைக்கு இலங்கை வானொலியே பள்ளிக்கூடமாக இருந்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவர்கள் நாங்கள். மத்திய அலை இரவில் நெடுந்தூரம் போவதற்கு ஒரு காரணம் உண்டு. பகலில் வெயில் பட்டு வளிமண்டலத்தின் உயரத்தில் உருவாகும் கீழடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோக, அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். இன்று வீட்டுக்குள் கேட்டால் எல்.ஈ.டி. விளக்கும் சார்ஜரும் போடும் இரைச்சல்தான் காதில் விழும். பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட வேண்டும்.

பேத்தி சிறுமியாக இருந்தபோது அங்கே ஒரு விளையாட்டு ஆடுவோம். ரேடியோவுக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் கோல் இருக்கும். அதன் நுனி நிலையத்தை நேராகப் பார்க்கும்போது ஒலி தேய்ந்து காணாமல் போகும். ரேடியோவை மெல்லத் திருப்பி, ஒலி எங்கே அடங்குகிறது என்று பார்த்தால் நிலையம் இருக்கும் திசைக்கோடு தெரிந்துவிடும். 936-ல் திருச்சி. கோவையிலிருந்து கிழக்கு. 720-ல் சென்னை. வடகிழக்கு. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அவள் ஸ்கேலால் கோடு போடுவாள். பூகோளம் அவளுக்குப் பிடித்துப்போனது அந்த மாடியில்தான்.

இப்போது பொறியியல் படிக்கும் அவள், எனக்கே புதியதைக் காட்டிக்கொடுத்தாள். கணினியில் டி.வி. பார்ப்பதற்காக விற்ற விரலளவு டாங்கிள் ஒன்று உண்டு. அதன் சிப்பை வைத்து வேறு பல அலைவரிசைகளையும் கேட்கலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்தாள். இரண்டு அலுமினியக் கம்பிகளைச் சுமார் 53 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, 120 டிகிரி விரித்து மாடியில் வைத்தோம். தலைக்கு மேல் 800 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருந்த அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் நோவா, 137 மெகாஹெர்ட்ஸில் டிக்டிக்கென்று விநாடிக்கு இரண்டு வரியாகப் படம் அனுப்பியது. லேப்டாப் திரையில் மேலிருந்து கீழாக மேகம் விரிந்து, அரபிக்கடல் தெரிந்து, நம் தென்முனை கூர்மையாக வந்து நின்றது. இருவரும் கைதட்டிவிட்டோம். அந்தப் பழைய நோவாக்கள் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. ரஷ்யாவின் மெட்டியோர் செயற்கைக்கோள்கள் இன்னும் அனுப்புகின்றன. விண்வெளி நிலையத்திலிருந்தும் 145.8 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது படங்கள் வரும். நிலையம் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை சற்று ஏறியும் விலகும்போது இறங்கியும் திரையில் வளைகோடாகத் தெரியும். பாடப்புத்தகத்தில் படித்த டாப்ளர் விளைவைக் கண்ணெதிரே பார்த்த பிள்ளைக்கு அது மறக்குமா?

இது வெறும் பொழுதுபோக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபோது, ஆர்வலர்கள் தாங்களே அலைபரப்பிப் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்காக அந்தமான் போயிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி போர்ட் பிளேரிலிருந்து தன் கருவி மூலம் செய்திகளை அனுப்பி, தொடர்பற்றுக் கிடந்த தீவுகளின் மக்களுக்கும் அவர்கள் உறவினர்களுக்கும் பாலமாக நின்றார். ஆசைக்குப் பழகிய கை, ஆபத்தில் உதவியது. அடுத்த ஆண்டே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ, ஹாம் ஆர்வலர்களுக்கென்றே ஹாம்சாட் என்ற சிறு செயற்கைக்கோளை அனுப்பியது.

மற்ற பொழுதுகளில் பழைய லேப்டாப். விண்டோஸ் தாங்காமல் தள்ளாடிய அதற்கு எஸ்.எஸ்.டி. போட்டு லினக்ஸ் ஏற்றியதும் இளமை திரும்பிவிட்டது. அதில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும். வயதானவர்களுக்கு விரலுக்கும் நினைவுக்கும் நல்ல பயிற்சி. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் இப்படித்தான் ஆளுக்குக் கொஞ்சமாகத் தட்டச்சு செய்து நம் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றினார்கள். ஓய்வு பெற்றவர்கள் இதற்கு வந்தால் இன்னும் எத்தனையோ நூல்கள் பிழைக்கும்.

திறந்து பார்க்கச் சொல்கிறவன் திறக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பைத் தொடாதீர்கள். உள்ளே 2,000 வோல்ட் அளவுக்கு உண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும். பழைய குழாய் டி.வி.யும் அப்படியே. கணினி, டி.வி. பவர் சப்ளைகளின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. மின்சாரம் உள்ள இடத்தில் அளக்க நேர்ந்தால் இடக்கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வலக்கையால் அளக்க வேண்டும். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்னோட்டம் நெஞ்சின் குறுக்கே போகும். ஈரக் காலோடு ஒருபோதும் வேண்டாம். குழந்தைகள் பேட்டரியில் ஓடும் பொருட்களில் தொடங்கட்டும், மெயின் பக்கம் பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் போகட்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இதைப் படிப்பவர் வீட்டுப் பரணில் பேசாத டிரான்சிஸ்டர் ஒன்று கட்டாயம் இருக்கும். பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் கசிவு பூத்திருக்கும். கசிந்தது அல்கலைன் பேட்டரி என்றால் அது காரம். எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். சாதாரண பேட்டரி என்றால் அமிலத்தன்மை உள்ளது, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். பிறகு ஈரத்துணி, நன்றாகக் காயவைத்து மெல்லிய உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை ஒரு தேய். புது பேட்டரி போட்டு ஸ்விட்சைத் திருப்புங்கள். ஸ்பீக்கரில் டப்பென்று ஒரு சிறு ஒலி வந்தால் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. வரவில்லை என்றால் பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, மறக்காமல் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வால்யூமின் நடுக்காலைத் தேடுங்கள்.